தோலில் இருக்கிறது வாசம்



கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் கிழக்குக் கரையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, ஈரமில்லாத வெறுங் காற்றாக மலையிறங்கி எங்கள் பக்கம் வருகிறது. அந்தக் காற்றில் உடுப்பு அரை மணி நேரத்தில் காயும். தொண்டையும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜில் எப்போதும் ஒரு ஜக் இருக்கும். தேசிக்காய்த் தண்ணி அல்லது சிவப்புச் சர்பத். பாடசாலை விட்டு வரும் நானும் தம்பியும், வயலில் சிறுபோக வேளாண்மையைப் பார்த்துவிட்டு வரும் வாப்பாவும், அடுப்படியில் வெந்து போன உம்மாவும் அதில்தான் தாகம் தீர்ப்போம். நோன்பு காலத்திலும் அதே ஜக்தான் பாயின் நடுவில் இருக்கும்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில் வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிய வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். இனிப்புப் பானங்களை விடச் சொன்னார்கள். அன்றிலிருந்து உம்மா வாப்பாவுக்குத் தனியாக ஒரு கிளாஸில் சீனி போடாத தேசிக்காய்த் தண்ணி வைத்தார். எங்களுக்கு வழக்கமான ஜக்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். பிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் ஜக்கிலிருந்து கிளாஸில் ஊற்றி வாப்பா குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிளாஸை மறைக்கப் பார்த்தார். என் வாப்பா எதையும் மறைத்து நான் பார்த்ததில்லை.

"வாப்பா, என்ன இது?" என்று கேட்டேன்.

"மகள், அந்தத் தண்ணியில ஒன்டுமில்ல புள்ள. வெறும் புளிப்பு. நீங்க எல்லாரும் ஒன்டு குடிக்க, நான் மட்டும் வேற ஒன்டக் குடிச்சா நோயாளியாட்டம் இரிக்கி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் யோசிக்கவும் தோன்றியது. வாப்பாவுக்குத் தனிக் கிளாஸ் கொடுப்பதை விட, எல்லோரும் குடிக்கக்கூடிய ஒரே ஜக்கை மாற்ற முடியாதா? அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை. உயர்தரத்தில் இரசாயனவியலும் உயிரியலும் படிப்பது குசினியிலும் உதவும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஜக்கில் எவ்வளவு சீனி?

முதலில் உம்மாவிடம், "ஒரு ஜக்குக்கு எவ்வளவு சீனி போடுவீங்க?" என்று கேட்டேன். "கைக்கணக்குத்தான்" என்றார். அடுத்த முறை அவர் அள்ளிப் போட்ட சீனியைத் தராசில் நிறுத்தேன். 250 கிராம். எங்கள் ஜக் 2 லீற்றர். அதில் 200 மில்லிலீற்றர் கிளாஸ் பத்து வரும். ஆகவே ஒரு கிளாஸில் 25 கிராம் சீனி.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு நாளில் நாம் பெறும் சக்தியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இவ்வாறு சேர்க்கப்படும் சீனியிலிருந்து வரவேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அந்த 5 சதவீதம் வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. நாங்கள் ஒரே கிளாஸில் அந்த முழு நாளின் பங்கையும் குடித்துவிட்டு இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தோம்.

கடையில் விற்கும் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு நிறக் குறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இலங்கையில் அது 2016ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமிலிருந்து 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. வீட்டு ஜக்குக்கு யாரும் நிறம் ஒட்டுவதில்லை. ஒட்டினால் எங்கள் ஜக் 12.5 கிராமோடு சிவப்பில் நிற்கும். "கடைச் சோடாவ விட வீட்டுத் தண்ணி நல்லம்" என்று நம்பிக் குடித்தது அந்த ஜக்கைத்தான்.

சர்பத் என்ற சொல்

தேசிக்காய்ப் பானம் நமக்குப் பழைய உறவு. அறபு வகுப்பில் "ஷரிப" என்றால் "குடித்தான்" என்று படித்திருக்கிறோம். அந்த வேரிலிருந்து பிறந்ததுதான் சர்பத். ஆங்கிலத்தில் பாணியைக் குறிக்கும் "சிரப்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. "லெமன்", "லைம்" என்ற சொற்களும் அறபு வழியாகவே அங்கு சென்றன. சொல்லோடு மரமும் போனது. ஸ்பெயினிலும் சிசிலியிலும் எலுமிச்சை, நாரத்தை இன மரங்களைப் பரப்பியவர்களில் அறபு விவசாயிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் வைத்தியராக இருந்த இப்னு ஜுமை என்ற யூத அறிஞர், எலுமிச்சையைப் பற்றியும் அதன் பானத்தைப் பற்றியும் தனியாக ஒரு நூலே எழுதினார். எலுமிச்சைப் பானத்தை அன்று ஒரு வைத்தியர் நூலெழுதத் தகுந்த விடயமாக நினைத்திருக்கிறார். நாமும் கொஞ்சம் கணக்குப் பார்த்துச் செய்வதில் தவறில்லை.

புளிப்பு சாற்றில், வாசம் தோலில்

சீனியைக் குறைத்தால் ஏன் தேசிக்காய்த் தண்ணி "வெறும் புளிப்பாக" இருக்கிறது? தேசிக்காய்ச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சித்திரிக் அமிலமும்தான். அந்த அமிலப் புளிப்பைத் தாங்க நாக்கு சீனி கேட்கிறது. சாறு கூடக் கூட சீனியும் கூடும்.

ஆனால் தேசிக்காய் என்றதும் நாம் நினைக்கும் அந்த வாசம் புளிப்பல்ல. அது தோலில் இருக்கிறது. தோலைக் கூர்ந்து பார்த்தால் ஊசியால் குத்தியது போல் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு எண்ணெய்ப் பை. லிமோனீன், சிற்றால் போன்ற மணப்பொருட்கள் அந்த எண்ணெயில் உள்ளன. சின்ன வயதில் தோடம்பழத் தோலை மடித்துத் தங்கச்சியின் கண்ணில் பீச்சி அடித்து உம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பீச்சியது சாறல்ல, இந்த எண்ணெய்தான்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே நாம் தேசிக்காயை வெட்டிப் பிழிந்து தோலைக் குப்பையில் எறியும்போது, புளிப்பை எடுத்துக்கொண்டு வாசத்தை எறிகிறோம். பிறகு வாசமில்லாத புளிப்பைச் சீனியால் மூடுகிறோம்.

ருசியில் மூக்கின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு தோடம்பழத்தை மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். கையை எடுங்கள், அப்போதுதான் அது தோடம்பழம் என்று தெரியும். தடிமன் பிடித்த நாளில் சோறு ருசிக்காததும் இதனால்தான்.

ஆகவே நான் கண்ட வழி இதுதான். வாசத்தைத் தோலிலிருந்து எடுத்தால் சாற்றைக் குறைக்கலாம். சாற்றைக் குறைத்தால் சீனியைக் குறைக்கலாம். பானம் வெறுமையாகவும் இருக்காது.

தேவையான பொருட்கள்

இது அரை லீற்றர் செறிந்த சாற்றுக்கான அளவு. இதில் பத்துக் கிளாஸ் பானம் செய்யலாம்.

தேசிக்காய் – 7 (நான்கின் தோல், ஏழின் சாறு)
தோடம்பழம் – 2 (தோலும் சாறும்)
சீனி – 100 கிராம் (மட்டமாக எட்டு மேசைக்கரண்டி)
புதினா – ஒரு கைப்பிடி இலை
இஞ்சி – பெருவிரல் நுனி அளவு
உப்பு – கால் தேக்கரண்டி
கொதித்த தண்ணீர் – 150 மில்லிலீற்றர்

தோடம்பழத்துக்குப் பிபிலைப் பக்கத்துப் பச்சைத் தோல் பழம் கிடைத்தால் மிக நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் பழங்களில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். அவற்றைச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே தோலை எடுங்கள். எந்தப் பழமானாலும் தோலைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். புதினாவை உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

செய்முறை

1. தேசிக்காய் நான்கினதும் தோடம்பழம் இரண்டினதும் தோலை மிக மெல்லியதாகச் சீவுங்கள். நிறமுள்ள மேல் தோல் மட்டும் போதும். உள்ளேயுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். துருவியில் துருவுவதானாலும் வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

2. சீவிய தோலை ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கோப்பையில் போட்டு, 100 கிராம் சீனியையும் சேர்த்து, மரக் கரண்டியின் அடியால் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நசித்துத் தேயுங்கள். மூடி 20 நிமிடம் வையுங்கள். திறக்கும்போது சீனி ஈரமாகி, வாசம் மூக்கில் ஏறும்.

முழுச் செய்முறையிலும் முக்கியமான படி இதுதான். சீனிப் பளிங்குகளின் கூர்மையான விளிம்புகள் எண்ணெய்ப் பைகளைக் கீறி உடைக்கின்றன. வெளியே வரும் எண்ணெய் சீனியில் படிகிறது. அதோடு, உயிரியலில் படித்த பிரசாரணமும் நடக்கிறது. வெளியே சீனிச் செறிவு கூட இருப்பதால் தோலின் கலங்களிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. சீனி ஈரமாவது அதனால்தான்.

3. இஞ்சியைத் தட்டி அந்தச் சீனியில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் தோலையும் இஞ்சியையும் வடித்து எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் கசப்பு இறங்கும்.

4. பாணி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு புதினாவைச் சேருங்கள். இலையை அரைக்க வேண்டாம். உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் இரண்டு தட்டுத் தட்டிப் போட்டால் போதும். புதினாவின் வாசம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. தட்டியதும் அவை உடையும். அரைத்தால் இலையின் உள்ளேயிருக்கும் பச்சையமும் வெளியே வந்து புல் ருசியும் கசப்பும் சேரும். பத்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

5. இதற்கிடையில் தேசிக்காயையும் தோடம்பழத்தையும் பிழியுங்கள். பிழியுமுன் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் சாறு கூட வரும். கொட்டையை எடுத்துவிடுங்கள், அதுவும் கசக்கும். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிய வேண்டாம்.

6. முற்றாக ஆறிய பாணியோடு சாற்றையும் உப்பையும் சேர்த்துக் கலக்குங்கள். அரை லீற்றருக்குக் குறைந்தால் கொதித்தாறிய தண்ணீரால் நிரப்புங்கள். சாற்றைச் சூட்டில் சேர்க்கக் கூடாது. சூட்டில் மணமும் போகும், விற்றமின் சீயும் குறையும்.

கால் தேக்கரண்டி உப்பு எதற்கு என்று உம்மம்மா கேட்டார். உப்பு மிகச் சிறிதளவு சேரும்போது கசப்பு நாக்கில் அமுங்கிவிடுகிறது. பத்துக் கிளாஸுக்குக் கால் தேக்கரண்டி என்பதால் உப்புக் கரிக்காது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடலாம்.

எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் கை வேலை 15 நிமிடம்தான். மற்ற நேரம் அது தானாக ஊறும், நாம் ஒரு பாடம் படித்து முடிக்கலாம்.

கலக்கும் விதம்

ஒரு கிளாஸுக்கு இந்தச் சாறு 50 மில்லிலீற்றர், குளிர்ந்த தண்ணீர் 150 மில்லிலீற்றர். மூன்று மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும் சரியாக 50 மில்லிலீற்றர் வரும். மேலே ஒரு புதிய புதினா இலை போடுங்கள்.

ஏன் புதிய இலை? ஊறிய இலையை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் பச்சை மங்கி, பாசி நிறமாகிவிடும். பச்சையத்தின் நடுவில் ஒரு மகனீசியம் இருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றிவிடுவதால் நிறம் மாறுகிறது. அதனால்தான் ஊறிய இலையை வடித்துவிட்டு, குடிக்கும் நேரத்தில் புதிய இலை சேர்க்கச் சொல்கிறேன்.

புதினா குடித்தால் வாய் குளிர்வது உண்மையான குளிரல்ல. மெந்தோல் நம் வாயிலுள்ள குளிர் உணரும் வாங்கிகளைத் தூண்டிவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் இத்தகைய வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சோடாத் தண்ணீர் விரும்புகிறவர்கள் இனிப்பில்லாத சோடாவில் கலக்கலாம். ஊறவைத்த கசகசா ஒரு தேக்கரண்டி சேர்த்தால் நோன்பு திறக்கும்போது வயிற்றுக்கு இதமாக இருக்கும். புதினா கிடைக்காத நாளில் துளசி இலை போடலாம். கறிக்குப் போடும் எலுமிச்சம்புல்லைத் தட்டி இஞ்சியோடு சேர்த்தாலும் நல்ல வாசம். அதிலும் தேசிக்காயில் உள்ள அதே சிற்றால் இருக்கிறது.

எத்தனை நாள் வைக்கலாம்?

மூடிய கண்ணாடிப் போத்தலில், பிரிஜ்ஜில் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டாம். கடைச் சர்பத் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் சீனி மிக அதிகம். அவ்வளவு செறிவில் பக்ரீரியாவின் கலத்திலிருந்து தண்ணீர் வெளியேறிவிடுவதால் அது பெருக முடியாது. பாதுகாக்கும் பொருட்களும் சேர்க்கிறார்கள். நம்முடைய சாற்றில் சீனி குறைவு. ஆகவே அது சீக்கிரம் கெடும். நீண்ட நாள் வேண்டுமென்றால் ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, தேவைக்கு இரண்டு மூன்று கட்டி எடுத்துத் தண்ணீரில் போடலாம். நோன்பு காலத்துக்கு இது மிகவும் வசதி.

தண்ணீரும் ஐஸும் கவனம். கொதித்தாறிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும். மீனுக்கு வாங்கும் பார் ஐஸை உடைத்துப் பானத்தில் போடவே கூடாது. அது குடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கவனிக்க வேண்டியவை

தேசிக்காய் பிழிந்த கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வெயிலில் போகுங்கள். தோலில் உள்ள சில பொருட்கள் நம் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் சுட்ட காயம் போல் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரும். விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் நின்று தேசிக்காய் பிழியும் தோழிகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் இதைச் செய்யவோ வைக்கவோ கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். பெரியவர்கள் ஊறுகாயைச் சாடியில் போட்டது இதனால்தான்.

அதே அமிலம் பல்லின் மிளிரியையும் மெதுவாகக் கரைக்கும். நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்காமல் ஒரே தடவையில் குடித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மருந்தோ ஊசியோ பாவிப்பவர்கள் நோன்பு பிடிப்பதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இந்தப் பானம் மருந்தல்ல. யாருடைய நோயையும் இது குணமாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பில் சீனி திடீரென்று குறைந்து மயக்கம் வருபவருக்கு உடனே இனிப்புத்தான் கொடுக்க வேண்டும். அந்த நேரம் குறைந்த சீனிப் பானத்தோடு நிற்கக் கூடாது.

எங்கள் ஜக்கின் கணக்கு

மேலே சொன்ன 100 கிராம் அளவில் செய்தால் ஒரு கிளாஸில் 10 கிராம் சீனி. பழத்தின் சொந்தச் சீனி ஒரு கிராம் அளவில் அதோடு சேரும். 25 கிராமிலிருந்து 11 கிராம். ஜக்கின் நிறம் சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு வந்துவிட்டது.

நான் உடனே இந்த அளவுக்கு இறங்கவில்லை. முதல் வாரம் 200 கிராம், இரண்டாம் வாரம் 150, மூன்றாம் வாரம் 100. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்கு மட்டும் தெரியும். தம்பி முதல் வாரத்தில் ஒருநாள், "இன்டைக்கு ஏதோ வாசமா இரிக்கி" என்றான். சீனி குறைந்ததை அவன் கண்டுபிடிக்கவே இல்லை. நாக்கு பழகிக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் நாள் கொடுக்க வேண்டும்.

இப்போது ஐந்து தேசிக்காயும் 60 கிராம் சீனியும் போடுகிறோம். சீனியைக் குறைக்கும்போது சாற்றையும் சேர்த்துக் குறைப்பதை மறந்துவிடாதீர்கள். தோலின் அளவை மட்டும் குறைக்காதீர்கள். வாப்பா தன் கிளாஸில் பாதிச் சாறு ஊற்றி மிச்சத்துக்குத் தண்ணீர் விடுகிறார். அவருடைய பங்கில் நாங்கள் போட்ட சீனி 3 கிராம் மட்டுமே. அதையும் கிளினிக்கில் சொல்லி, எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் குடிக்கிறார்.

ஆறாம் வாரம் பகலில் நான் வாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். தராசு, கணக்கு, தோல் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதியிருந்ததைக் காட்டினேன். வாப்பா கொப்பியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் தோலத்தான் எறிஞ்சிட்டு இரிந்தமா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா."

"இன்னும் கொஞ்சம் ஊத்து, மகள்" என்று கிளாஸை நீட்டினார். பாதிதான் ஊற்றினேன். மிச்சத்துக்குத் தண்ணீரை அவரே விட்டுக்கொண்டார்.

வரும் நோன்புக்கும் எங்கள் பாயின் நடுவில் ஒரே ஜக்தான் இருக்கும், இன்ஷா அல்லாஹ். தோழிகளே, உங்கள் வீட்டு ஜக்கில் விழும் சீனியை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பிறகு தேசிக்காய்த் தோலைக் கையில் எடுங்கள்.